கயிறு பிடிக்க ஒரு ஆள்

ஆட்களை ஒட்டியதுதான் தப்பு. கப்பலைக் கட்டியதில் ஒரு தப்பும் கிடையாது.

கப்பல் என்றால் கடலில் போகிற கப்பல் இல்லை. பிளாஸ்டிக் கப்பல், முழங்கை நீளம், சாப்பாட்டு மேசைமேல் நிற்பது. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருக்கும் நெய்தல் குடியிருப்பின் முதல் மாடியில் கஸ்பார் சாரங்கு அதைக் கட்டினார். சாரங்கு என்பது பெயரில்லை, வேலை. தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவன். நங்கூரம் போடுவது, கம்பி சுற்றுகிற வின்ச்சை ஓட்டுவது, கரை வந்ததும் முன்னால் நின்று கயிறு எறிவது எல்லாம் அவன் பாடு. தலை நரைக்கிறவரை ஒரு கடலாராய்ச்சிக் கப்பலில் அந்த வேலையைப் பார்த்தவர் அவர். மீன் பிடிக்காத, சரக்கு ஏற்றாத, நடுக்கடலில் நின்றுகொண்டு குப்பியை இறக்கித் தண்ணீரையும் வாளியை இறக்கிச் சேற்றையும் மேலே எடுத்து, மோந்து பார்த்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிற கப்பல். ஓய்வு பெற்று வந்தபோது வீட்டில் மனைவி இல்லை, போய்ச் சேர்ந்திருந்தாள். மகள் ரெக்ஸலின் இருந்தாள், அப்பா அள்ளிவந்த அதே கடல்சேற்றைப் படித்துப் பட்டம் வாங்கியவளாக. அவளுக்கும் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. கொச்சியில் ஏறித் தென்கடலுக்குப் போகவேண்டும், உத்தரவு வந்ததும் கிளம்பவேண்டும். தான் போனபிறகு அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாரே என்று அவள்தான் அந்தக் கப்பல் பெட்டியை வாங்கிவந்து மேசைமேல் வைத்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே ஏதாவது சொல்லித் தொலைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

பெட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்கிய கப்பல் துண்டுகளை நகவெட்டியால் வெட்டி எடுத்து, வெட்டின இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, உடலின் இரண்டு பாதிகளையும் பசை தடவிச் சேர்த்துத் துணிக் கிளிப்பும் ரப்பர் வளையமும் போட்டு இறுக்கி, இடுக்கில் மக்கு அடைத்து, மறுபடி தேய்த்து, மிச்சச் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி இளக்கி மயிர்போல் இழுத்து அதைக் கொடிமரத்துக் கம்பியாக்கி, நங்கூரத் துளைக்குக் கீழே கெட்டியான தேயிலைச் சாயம் தொட்டுத் துரு ஓடவிட்டு, அவர் வேலை பார்த்தார். பெட்டியில் இருந்தது வேறெந்த நாட்டுக் கப்பலோ. அதை அவர் தம்முடைய கப்பலாக மாற்றிக்கொண்டே வந்தார். வின்ச்சை இடம் மாற்றினார். பின்பக்கத்தில் வாளி இறக்குகிற தூக்குச்சட்டத்தை உடைந்த சீப்பில் செய்தார். ஒரு துறைமுகச் சுவரில் இடித்து வாங்கிய பள்ளத்தைக்கூடச் சுட்ட கரண்டியால் அதே இடத்தில் போட்டார். பின்புறத்தில் கப்பலின் பெயரை எழுதினார். பெயருக்குக் கீழே எந்த ஊர்க் கப்பல் என்று எழுதவேண்டும், அது முறை. அந்த இடத்தில் தூரிகையை வைத்து வைத்து எடுத்தார். ஊர் எது என்று தோன்றவில்லை. காலியாக விட்டுவிட்டார்.

கடைசியில் ஆட்கள். விரல் நகமளவு பொம்மைகள், முகமில்லாமல், ஒரு பட்டையில் வரிசையாக நின்றன. கூடவே வேலை பார்த்தவர்களை நினைத்துப் பார்த்தார். ஒருத்தன் முகமும் வரவில்லை. தொப்பி வந்தது, முதுகு வந்தது, இருமல் வந்தது, முகம் வரவில்லை. அலுத்துப்போய் பால்கனியில் நின்று கீழே பார்த்தார்; கண்ணில் பட்டவர்களைத் தீட்டினார். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், பழைய தலைமையாசிரியர் ஞானதுரையை வெள்ளை வேட்டியில், குடையோடு. காவலாளி பிச்சையாவை ஊதாச் சட்டையில். கீழ்வீட்டுச் சண்முகத்தாயைக் கிளிப்பச்சைச் சேலையில், இடுப்பில் கைவைத்தபடி, ஏனென்றால் அவள் அந்தக் கையை எடுத்து யாரும் பார்த்ததில்லை. வீடு வீடாக எல்லோரையும் தீட்டினார். பொம்மைகளைத் தேய்த்துக் குட்டையாக்கிப் பிள்ளைகளையும் செய்தார். ரெக்ஸலினை மஞ்சள் சுடிதாரில், பின்தளத்தில், வின்ச் பக்கம், கம்பியைப் பிடித்தபடி நிறுத்தினார். சேறு மோந்து பார்ப்பவர்கள் நிற்கிற இடம் அது.

அவருக்கு என்று பொம்மை வைக்கவில்லை. கட்டுகிறவன் தன்னையும் எப்படி ஒட்டுவான்.

பொம்மைகளை எல்லோரும் வெள்ளைக் கோந்தில் ஒட்டுவார்கள், வேண்டாமென்றால் பெயர்த்துக்கொள்ளலாம். சாரங்குக்கு அது ஆகாது. கடலில் போகிற கப்பலின் தளத்தில் ஆடுகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது, வாளியானாலும் பெஞ்சானாலும் கட்டிப்போட வேண்டும் என்று ஆயுசுக்கும் கத்தியவர். உடலை ஒட்டின அதே பசையை எடுத்தார். அது ஒட்டுகிற பசை இல்லை, உருக்குகிற பசை. இந்தப் பிளாஸ்டிக்கையும் அந்தப் பிளாஸ்டிக்கையும் உருக்கி ஒன்றாக்கிவிடும், பிறகு இது கால், இது தளம் என்று பிரிக்க ஆண்டவரே இறங்கி வந்தாலும் முடியாது. ஒவ்வொரு காலாகத் தொட்டு வைத்தார். ஊதி உலர்த்தினார்.

மறுநாள் காலையில் பிச்சையா டீ குடிக்கக் கிளம்பினார். கேட்டைத் திறந்தார், கால் வைக்கவில்லை. வலியில்லை, பயமில்லை, கால் வரவில்லை, அவ்வளவுதான். ஞானதுரை வந்து இதென்ன கூத்து என்று அதட்டிக்கொண்டே தாண்டப் பார்த்தார், அவர் காலும் நின்றது, குடை மட்டும் வெளியே நீண்டது. அப்புறம் ஆபீசுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், காய்கறிப் பையோடு சண்முகத்தாய், எல்லோரும் கேட்டுக்குள் கும்பலாக நின்றார்கள். காரணம் கேட்டுப் பயனில்லை. மதியத்துக்குள் யாரோ மாடியேறிப்போய்க் கப்பலைப் பார்த்தார்கள். இறங்கி வந்து, எல்லோரும் கப்பலில் ஏறியாச்சு என்று சொன்னார்கள். ஓ அதானா என்று மற்றவர்கள் வீட்டுக்குள் போய் உலை வைத்தார்கள்.

ஊர் எதையும் பழக்கிக்கொள்ளும். பால்காரர் கேட்டில் நின்று ஊற்றினார். கீரைக்காரி கூடையைக் கம்பிக்கு வெளியே இறக்கினாள், அவளைப் பார்த்து மீன்காரர் வந்தார், பிறகு ஒரு வளையல்காரர், கொஞ்ச நாளில் கேட்டுக்கு வெளியே ஒரு சந்தையே கூடியது. டீச்சர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கம்பி வழியாகப் பாடம் நடத்தினாள். ஒரு பெண் பார்க்கும் சடங்குகூட நடந்தது, மாப்பிள்ளை வீட்டார் ரோட்டில் நிற்க, பெண் உள்ளே நின்று பஜ்ஜித் தட்டைக் கம்பிக்கிடையில் சாய்த்துக் கொடுத்தாள், இரண்டு பஜ்ஜி சாக்கடையில் விழுந்தது, சம்பந்தம் முடிந்தது. வெளியூரிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், வேடிக்கை ஒன்றுமில்லை என்று போனார்கள்.

வெளியே போகமுடிந்தவர் கஸ்பார் ஒருவர்தான். அதனால் கடைக்குப் போகிற வேலையெல்லாம் அவர் தலையில் விழுந்தது. பெண்டாட்டி உயிரோடு இருந்தபோது ஒரு கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வராதவர், பால்கனி பால்கனியாக ஆட்கள் கூவக் கூவ, மருந்துக்கடைக்கும் ரேஷனுக்கும் ரீசார்ஜுக்கும் நடந்தார். வாங்கிவந்ததில் திருப்தி கிடையாது. சண்முகத்தாய் கத்தரிக்காயை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கப்பல்காரரே, கடல்லதான் சேறு அள்ளினீங்க, கடைலயுமா என்று கேட்டாள். அவர் பையை உதறி மடித்துக்கொண்டு மாடியேறினார்.  கப்பலில் சாரங்கை இப்படி யாரும் கேட்டதில்லை.

இன்னொரு ஆளுக்கும் போகமுடிந்தது. மேல்மாடி ஓரத்து வீட்டில் ஒருத்தி குடியிருந்தாள். கரிசல் காட்டிலிருந்து வந்தவள், தனியாள், ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். டெய்லரம்மா என்பார்கள், பேர் யாரும் கேட்டதில்லை. கஸ்பார் பால்கனியில் நின்று ஆட்களைத் தீட்டிய நாட்களில் அவள் கீழே நடந்துதான் இருப்பாள், அவர் கண்ணில் படவில்லை. கப்பலில் அவள் இல்லை. மற்றவர்களெல்லாம் கால் வராமல் நின்ற காலையில் அவள் பாட்டுக்கு நூல் வாங்கக் கடைக்குப் போய்விட்டு வந்தாள், வந்தபிறகுதான் விஷயம் தெரிந்து, மாடியேறிக் கப்பலைப் பார்த்து, ஒவ்வொரு பொம்மையாக யார் யார் என்று விசாரித்து, முகம் சிவந்து, நேரே கஸ்பாரிடம் வந்து நின்றாள்.

"பிச்சையா இருக்காரு, அவரு பூனைகூட இருக்கு. நான் மனுசி இல்லையா?"

அது பூனையில்லை, கயிற்றுச் சுருள் என்று அவர் சொன்னார். அவள் நம்பவில்லை. அன்றிலிருந்து தினம் ஒருதடவை வந்து தன்னையும் ஏற்றச் சொல்லி நின்றாள். போகமுடிந்தவளாயிற்றே, நீயாவது சாமான் வாங்கிவரக் கூடாதா என்று மற்றவர்கள் கேட்டதற்கு, ஆளாகவே எண்ணாதவர்களுக்கு எதற்குச் சுமக்க வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் குடியிருப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது, எஞ்சின்போல.

மழைக்காலம் வந்ததும் குடியிருப்பு ஆட ஆரம்பித்தது. பாத்திரங்கள் அலமாரியில் ஒரு பக்கமாகச் சரிந்தன, கயிறு கட்டி நிறுத்தினார்கள். எல்லோரும் காலை அகட்டி வைத்து நடந்தார்கள். தலைமையாசிரியர் மாடிப்படியில் நின்று வாந்தி எடுத்தார், எடுத்துவிட்டு நாக்கில் உப்புக் கரிக்கிறது என்று அறிக்கை விட்டார். மாடியிலிருந்து பார்த்தால் ரோடு தெரிந்தது, லாரி தெரிந்தது, ஆனால் தூரம் குறையவில்லை. பார்க்கப் பார்க்க அது அங்கேயே இருந்தது, கை நீட்டினால் படுகிற இடத்தில் படாமல் இருந்தது. முதலில் சிரித்தவர்கள் இப்போது பேச்சைக் குறைத்தார்கள். பக்கத்து வீட்டு மூச்சு கேட்டது. ஒரே முகங்கள், ஒரே படிக்கட்டு, ஒரே குழம்பு வாசனை. பிள்ளைகள் வெளியே என்று சொல்லுவதை விட்டுவிட்டு அந்தப் பக்கம் என்று சொல்லப் பழகினார்கள்.

பெயர்த்துப் பார்க்காமல் இல்லை. ஞானதுரை கட்டாயப்படுத்தியதால் கஸ்பார் பிளேடை எடுத்துப் பிச்சையாவின் காலடியில் மெல்ல வைத்தார். கீழே நாற்காலியில் இருந்த பிச்சையா அய்யோ என்றார். குதிகாலில் முடிபோல் ஒரு கோடு, அதில் ரத்தம். பிளேடைக் கீழே வைத்தாயிற்று, அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. பிறகு, ஆட்கள் கப்பலைவிட்டுத்தானே போகக் கூடாது, கப்பலையே தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. சண்முகத்தாயின் தங்கச்சி செத்துப்போனபோது செய்து பார்த்தார்கள். கஸ்பார் தாம்பாளத்தில் கப்பலை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தார், குடியிருப்பு முழுவதும் பின்னால் நெருக்கியடித்து நடந்தது, கைக்குழந்தை முதல் கழுத்துவலிக்காரர் வரை. சாலைக்கு வந்ததும் ஒரு பஸ் குறுக்கே புகுந்து கூட்டத்தைப் பிரித்தது. கப்பல் அந்தப் பக்கம், தலைமையாசிரியர் இந்தப் பக்கம். அவர் நடுரோட்டில் கால் வராமல், இரண்டு பக்கமும் ஹார்ன் அடிக்க, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். துக்க வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பியும் வந்தார்கள். இனி யார் செத்தாலும் இங்கிருந்தே அழுதுகொள்வது என்று சங்கத்தில் முடிவானது.

இதற்கிடையில் ரெக்ஸலினுக்கு உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசியில் கொச்சியில் கப்பல் கிளம்புகிறது. வராவிட்டால் வேறு ஆள் எடுப்பார்கள், அடுத்த பயணம் எப்போதென்று சொல்வதற்கில்லை. அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தாள். கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள், நின்றாள், தூக்கிக்கொண்டு வந்தாள். மறுநாளும் அப்படியே. கப்பலைத் தூக்கிக்கொண்டு போவதென்றால் குடியிருப்பையே கொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும், அங்கிருந்து தென்கடலுக்கும். சண்முகத்தாய் நான் தயார் என்றாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஒரு மத்தியானம் அவள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பின்தளத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் ரெண்டு தடவ பசை வச்சிருக்கீங்கப்பா."

"காத்தடிக்கிற இடம்," என்றார் கஸ்பார். "அதான்."

அவள் கண்ணாடியைக் கீழே வைத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கோபப்பட்டிருக்கலாம்.

கப்பலுக்குப் பக்கத்தில் சட்டத்தில் ஒரு துண்டு மிச்சமிருந்ததை முதலில் கவனித்தவர் ஞானதுரை. சின்ன ஏணி, கைப்பிடியோடு. இதென்ன என்றார். கரையில் நிற்கிற கப்பலுக்கு இறக்குகிற ஏணி, கடலில் போகிற கப்பலுக்கு அது கிடையாது, நான் கட்டினது கடலில் போகிற கப்பல் என்றார் கஸ்பார். ஞானதுரைக்கு வந்ததே ஆத்திரம். இத்தனை பேர் இறங்க வழியில்லாமல் சாகிறோம், ஏணியைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கணம் பேசுகிறீரே என்றார். கரை இல்லாமல் ஏணி இறக்குகிறவன் முட்டாள் என்று சொல்லிவிட்டுக் கஸ்பார் கடைக்குக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் தலைமையாசிரியர் சோற்றுப் பருக்கையை நசுக்கி ஏணியைக் கப்பலின் விலாவில் ஒட்டிவிட்டு, பால்கனியிலிருந்து கீழே பார்த்து, பிச்சையா, இப்போது போ என்றார்.

பிச்சையாவின் கால் வந்தது. கேட்டைத் தாண்டி வைத்தார். தாண்டியதும் தரையில்லை. கண்ணுக்குத் தார் ரோடு, காலுக்குத் தண்ணீர்; முழங்கால், இடுப்பு, கழுத்து என்று இறங்கி, கீரைக்கட்டுகளுக்கு நடுவில் தலை மட்டும் தெரிய, இரண்டு வாய் குடித்தும்விட்டார். கீரைக்காரி முடியைப் பிடித்தாள், உள்ளேயிருந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், இழுத்துப் போட்டார்கள். சட்டையெல்லாம் உப்பு. பையில் ஒரு இறால். ஞானதுரை தாமே ஏணியைப் பிய்த்தெடுத்து, துடைத்து, இருந்த இடத்தில் வைத்தார். கஸ்பார் வந்து பார்த்தார், ஏணியில் பருக்கை ஒட்டியிருந்ததைச் சுரண்டினார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று தலைமையாசிரியர் பிறகு சொன்னார்.

மாதம் முடியப்போனது. ரெக்ஸலின் பெட்டியைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள். அதுதான் கஸ்பாருக்கு உறைத்தது. அழுதால் தாங்கியிருப்பார், கத்தினால் திருப்பிக் கத்தியிருப்பார். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யார் உட்காரக் கூடாது என்று கப்பல் வாங்கினாளோ அந்த இடத்தில், அதே சுவரைப் பார்த்து. கடையிலிருந்து வந்த அவர் செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"என்ன அப்பிடி உக்காந்திருக்க?"

"பழகுறேன்."

சோறு வைத்தாரா, சாப்பிட்டாளா என்பதெல்லாம் கிடக்கட்டும். அவள் திரும்பாமலே பேசினாள்.

"நீங்க வர்றப்பல்லாம் நானும் அம்மாவும் துறைமுகத்துல நிப்போம். நீங்க முன்னால நின்னு கயிறு எறிவீங்க. எவனோ ஒருத்தன் பிடிச்சுக் கட்டுவான். அப்புறம் எறங்கி வருவீங்க. எறங்கி வந்தும் கப்பல்லயேதாம்ப்பா இருப்பீங்க. உங்கள ஒருநாள்கூட நாங்க கரையில பாத்ததில்ல." அவள் குரல் உயரவில்லை. "இப்ப என்னயும் அங்கயே வச்சிக்கிட்டீங்க."

 பதில் தெரியாதபோது கைக்கு வேலை கொடுப்பது அவர் வழக்கம். அன்றைக்கு வேலையும் இருந்தது. டெய்லரம்மாவின் தொல்லை தாளாமல், பட்டையில் மிச்சமிருந்த கடைசிப் பொம்மையை அவளுக்கே தீட்டித் தொலைப்பதாகச் சொல்லியிருந்தார். அவள் வந்தாள். பட்டுச் சேலை, தலைநிறையப் பூ, நெற்றியில் திருநீறு. கல்யாணத்துக்குப் போகிறவள்போல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பச்சை வேண்டாம், பச்சை சண்முகத்தாய் கட்டியிருக்கிறாள், எனக்கு அரக்குப் போடுங்கள் என்றாள்.

தீட்டவேண்டுமென்றால் பார்க்கவேண்டும். கஸ்பார் அவளை முதல்தடவையாகப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், அரக்குச் சேலையைத் தீட்டினார், கரையை ஒற்றை மயிர் தூரிகையில் இழுத்தார், காலுக்கு வந்தார். அவள் காலைப் பார்த்துத் தூரிகை நின்றது.

காலில் புழுதி. செம்மண்ணும் தார்க்கரியும் கலந்த ரோட்டுப் புழுதி, கணுக்கால் வரை. இந்தக் குடியிருப்பில் எல்லோர் காலும் வெளுத்துக் கிடந்தது, மழைக்காலம் முழுக்கத் தண்ணீரில் ஊறினதுபோல். அவர் காலிலும் புழுதி உண்டு, ஆனால் அவர் கயிறு எறிகிறவர். எறிகிறவனே பிடிக்க முடியாது. பால்காரர், கீரைக்காரி எல்லாம் பக்கத்தில் வந்து அணைந்துவிட்டுப் போகிற தோணிகள். தோணியில் யாரும் கப்பலைக் கட்டமாட்டார்கள். கரை என்றால் இங்கேயே இருக்கிற ஆளாக இருக்கவேண்டும், கப்பலில் இல்லாத ஆளாகவும் இருக்கவேண்டும். பசைப் புட்டி திறந்து கிடந்தது. இன்னும் ஒரு சொட்டு வைத்திருந்தால் கரையே இருந்திருக்காது.

அவர் புட்டியை மூடினார்.

"எந்திரிங்க. கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க."

அவள் முகம் மாறிவிட்டது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மறுபடியும் தன்னை மட்டும் வெளியே தள்ளுகிறாரா என்றாள். பூ வாங்கி, சேலையைத் தேய்த்து, அயலார் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இனி எந்த முகத்தோடு படியிறங்குவது என்றாள்.

"அம்மா," என்றார் கஸ்பார். அந்தச் சொல்லை அவர் யாரிடமும் சொல்லி யாரும் கேட்டதில்லை. "கப்பல்ல ஏற யாரு வேணாலும் ஏறலாம். கயிறு பிடிக்கக் கரைல ஒரு ஆள் வேணும். இங்க இருக்கது நீங்க ஒருத்தருதான்."

 விளையாடுகிறாரா என்று அவள் பார்த்தாள். பிறகு, நூல் என்னுடையது போடுங்கள், உங்கள் நூல் அறுந்துபோகும் என்றாள்.

கேட்டுக்கு உள்ளே பிச்சையாவின் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் கப்பலை வைத்தார்கள். குடியிருப்பு முழுக்க இறங்கிவந்து, காலை அகட்டி நின்றது. ரெக்ஸலின் படிக்கட்டில் நின்றாள், பெட்டி இல்லாமல். கஸ்பார் இடுக்கியால் நூலை முன்தளத்துக் கட்டைத் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டார், மறுமுனையில் கனத்துக்கு ஒரு பித்தான் கட்டினார். வெளியே கீரைக்கூடைகளுக்கு நடுவில் டெய்லரம்மா பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி நின்றாள். கடலையே பார்த்திராதவள், இந்த ஊருக்கு வந்து இத்தனை காலத்தில் கடற்கரைக்கு ஒருநாள் போனதில்லை, தண்ணீர் என்றால் பயம் என்பாள்.

முதல் வீச்சு சாக்கடையில் விழுந்தது. சண்முகத்தாய் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கஸ்பார் நூலைச் சுருட்டினார். தோளைச் சரித்து, பழைய பழக்கத்தில் எறிந்தார். பித்தான் கம்பிக்கு மேலாக எழுந்து, வெயிலில் மின்னி, அவள் கையில் வந்து விழுந்தது. அவள் ஊசி பிடிக்கிற விரல்களால் அதைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. என்ன செய்ய என்று கேட்டாள். கட்டுங்க என்றார். எதில் என்றாள். கரையில் என்றார். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரோட்டோரத்து மாநகராட்சிக் குழாயின் கழுத்தில் நூலைச் சுற்றினாள், ஜாக்கெட் கொக்கிக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினாள்.

ஆட்டம் நின்றது. பாத்திரங்கள் அலமாரிக்குள் ஒரே சத்தத்தோடு நேராக உட்கார்ந்ததை எல்லோரும் கேட்டார்கள்.

கஸ்பார் ஏணியை எடுத்தார். உருக்குகிற பசையை எடுக்கவில்லை. வெள்ளைக் கோந்து தொட்டு, விலாவில் வைத்தார். திரும்ப எடுக்கவேண்டி வரலாம். பிச்சையாவைப் பார்த்தார். பிச்சையா ஞானதுரையைப் பார்த்தார். இந்தத் தடவை நானே போகிறேன் என்று தலைமையாசிரியர் குடையை ஊன்றி, ஊன்றின இடம் கெட்டியாக இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்து, ஒரு காலை வைத்தார். மறு காலையும் வைத்தார். குனிந்து ரோட்டைத் தொட்டார்.

"தரைதான்," என்றார்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆபீஸ்காரர்களும் பிள்ளைகளும் சண்முகத்தாயும் கேட் வழியாகக் கொட்டினார்கள், கொட்டிவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்சநேரம் ரோட்டோரத்திலேயே நின்றார்கள், சிலர் டீக்கடைக்குப் போனார்கள், சிலர் சும்மா நடந்தார்கள். பிச்சையா கேட்டை உள்ளும் வெளியுமாக நாலைந்து தடவை தாண்டினார். பொம்மைகள் அப்படியேதான் நின்றன, கால் ஒட்டியபடி. இவர்கள் கரைக்கு இறங்கின ஆட்கள், அவ்வளவுதான். கயிறு இருக்கும்வரை போகலாம், வரலாம்.

ரெக்ஸலின் பெட்டியோடு இறங்கி வந்தாள். கஸ்பார் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஆட்டோ வரும்வரை இரண்டுபேரும் குழாயடியில் நின்றார்கள். அவள் அவர் காலைப் பார்த்தாள். அகட்டி வைக்காமல், சேர்த்து வைத்து நின்றிருந்தார், ரோட்டில் நிற்கிற மற்ற ஆட்களைப்போல.

"வரும்போது சொல்லு," என்றார். "வந்து நிக்கேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டோ போயிற்று. வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கஸ்பார் மாடிக்குப் போய்த் தூரிகையையும் வெள்ளைப் பெயிண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். கப்பல் ஸ்டூல்மேலேயே இருந்தது. டெய்லரம்மா கயிற்றுக்குக் காவல்போல் குழாயடியில் உட்கார்ந்து, தலையில் வாடின பூவை உருவிப் போட்டுக்கொண்டிருந்தாள். குடம் வைக்க வந்தவர்களை நூலில் படாமல் வை என்று அதட்டினாள்.

கஸ்பார் கப்பலைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். பெயர் இருந்தது. கீழே ஊர் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தூரிகையை நனைத்து, அவளிடம் பெயர் என்ன என்று கேட்டார். இத்தனை நாளில் யாரும் கேட்காததால் அவளுக்கே ஒரு கணம் ஆயிற்று. சொன்னாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, எழுதினார்: குருவம்மாள்.